குறையே குணமான கதை: இரைச்சலை விழுங்கும் காந்தத் தூள்

கணினியின் திரைக்குச் செல்லும் பழைய கம்பியைக் கவனித்திருப்பவர்கள் ஒன்றைக் கண்டிருப்பார்கள். முனைக்குச் சற்று முன்பாக, பாம்பு எலியை விழுங்கியது போல, அந்தக் கம்பி ஓரிடத்தில் தடித்து உருண்டிருக்கும். பத்திரிகைக் காரியாலயத்தில் என் மேசைக்கு முன்னால் அப்படியொரு தடிப்பு பல வருடங்களாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். ஆயினும் அது என்ன என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அதைக் கேட்கவைத்தது எனக்கு நேர்ந்த ஒரு நட்டம்.

2003ஆம் ஆண்டு, கொழும்பில் மகளின் வீட்டில் தங்கியிருந்த முதிய தலைமையாசிரியர் ஒருவரைப் பேட்டி காணச் சென்றேன். எண்பது வயதைக் கடந்தவர். மலாயாவில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, ஓலைக் கொட்டிலில் ஒரு பாடசாலையைத் தொடங்கி, அதைக் கல்வீடாக்கி, மூன்று தலைமுறைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஒலிப்பதிவுக் கருவியை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அதற்குப் பக்கத்திலேயே என் கைத்தொலைபேசியையும் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் பேசினார். கருவி ஓடுகிறதே என்ற நம்பிக்கையில் குறிப்பேட்டில் நான் அதிகம் எழுதவில்லை.

அன்றிரவு நாடாவை ஓடவிட்டுக் கேட்டபோது, பல இடங்களில் அவருடைய குரலுக்கு மேலாக ‘டிக்-டிக்-டிக், கிர்ர்ர்’ என்ற ஓர் ஓசை ஏறியிருந்தது. குறிப்பாக, மலாயாவை விட்டு ஏன் திரும்பி வந்தீர்கள் என்ற என் கேள்விக்கு அவர் சொன்ன மறுமொழி முழுவதும் அந்த ஓசைக்குள் அமிழ்ந்துவிட்டது. “அது தம்பி...” என்பது மட்டும் கேட்கிறது. மறுபடியும் சென்று கேட்கலாம் என்றிருந்தேன். சில மாதங்களில் அவர் காலமாகிவிட்டார்.

மின்பொறியியலாளரான என் மைத்துனரிடம் நாடாவைக் கொடுத்து, இதைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, “அத்தான், கைத்தொலைபேசியை எங்கே வைத்திருந்தீர்கள்?” என்றார். அதன்பின் என் கணினிக் கம்பியின் தடிப்பைத் தொட்டுக் காட்டி, அந்த ஓசைக்கும் இந்தத் தடிப்புக்கும் உள்ள உறவை விளக்கினார். அன்று தொடங்கிய தேடலில் நான் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு எழுதுகிறேன். குறை என்று ஒதுக்கப்பட்ட மூன்று விடயங்கள், ஒவ்வொன்றாகப் பயனுள்ள குணங்களாக மாறிய வரலாறு இது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

முதலில் என் நாடாவைக் கெடுத்த ஓசையைப் பார்ப்போம். அக்காலத்துக் கைத்தொலைபேசி தன் அலைகளைத் தொடர்ச்சியாக அனுப்புவதில்லை. ஒரே அலைவரிசையைப் பலர் முறைவைத்துப் பயன்படுத்தியதால், ஒவ்வொரு தொலைபேசியும் செக்கனுக்கு ஏறத்தாழ 217 தடவை, சிறு சிறு வெடிப்புகளாகவே தன் அலையை வெளியிட்டது. அருகிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் கம்பி, யாரும் கேளாமலே, அந்த அலைகளுக்கு ஏரியலாக மாறிவிட்டது. கருவியின் உள்ளிருந்த மின்சுற்று அந்த 217 வெடிப்புகளை மனிதக் காதுக்குக் கேட்கும் ஓசையாக மாற்றி, ஆசிரியரின் குரலோடு சேர்த்து நாடாவில் எழுதியது.

இது புதிய தொல்லையன்று. என் சிறுவயதில், காலைச் செய்தி கேட்பதற்காக ஐயா வானொலிப் பெட்டியைத் திருகிக்கொண்டிருக்கும்போது, அடுத்த தோட்டத்தில் நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் இயந்திரம் தொடங்கினால், வானொலி ‘படபட’ என்று பொரியத் தொடங்கும். இயந்திரத்தின் தீப்பொறிச் செருகியில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி நிலையம்தான். வானொலி பரவத் தொடங்கிய நாடுகளிலெல்லாம் இந்தப் பிணக்கு எழுந்தது. மின்சாரத்தில் ஓடிய ட்ராம் வண்டிகளும், மோட்டார்களும், மருத்துவ சாதனங்களும் வானொலி நேயர்களின் பகையாளிகளாயின. நாடுகள் கூடிப் பேசி, வானொலித் தடங்கல் பற்றிய சர்வதேசச் சிறப்புக் குழுவொன்றை 1934ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் கூட்டின. அந்தக் குழு இன்றும் இயங்குகிறது.

இந்த இரைச்சலை அடக்குவதற்கு இன்று பெருமளவில் பயன்படுபவை காந்தப் பொருட்கள். ஆனால், அவை முதலில் உருவாக்கப்பட்டது இரைச்சலை அடக்குவதற்காக அன்று.

இரும்பைத் தூளாக்கியவர்கள்

ஒரு கம்பிச்சுருளின் நடுவே இரும்பை வைத்தால் அதன் காந்த வலு பன்மடங்கு பெருகும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தெரிந்திருந்தது. ஆனால், அந்தச் சுருளில் ஓடும் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும்போது ஒரு சிக்கல் தோன்றுகிறது. இரும்பும் மின்சாரத்தைக் கடத்தும் பொருளாதலால், மாறும் காந்தப்புலம் இரும்பின் உடலுக்குள்ளேயே சுழிபோன்ற மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. ஆற்று நீரில் தோன்றும் சுழிகளைப் போல அவை எவ்விடமும் போய்ச்சேராமல் சுற்றிச் சுற்றியே தம் சக்தியை வெப்பமாக இழக்கின்றன. இவ்வாறு திசை மாறித் திரும்பும் முழுச் சுற்று செக்கனுக்கு எத்தனை முறை நிகழ்கிறது என்பதை மீடிறன் என்கிறோம். மீடிறன் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும். இறுதியில், இரும்பின் மேற்றோலுக்குக் கீழே காந்தப்புலம் நுழையவே முடியாமற் போகும்.

சுழி பெரிதாக வளர இடங்கொடாதே என்பதே இதற்குக் கண்ட மருந்து. இரும்புக் கட்டியை மெல்லிய தகடுகளாக வெட்டி, இடையே காப்புப்பூச்சு இட்டு அடுக்கினார்கள். இன்றும் எமது தெருக்களில் நிற்கும் மின்மாற்றிகளின் உள்ளே இருப்பது அத்தகைய அடுக்குத்தான். ஆனால், தொலைபேசிக்கும் வானொலிக்கும் வேண்டிய உயர் மீடிறன்களுக்குத் தகடும் போதவில்லை. இரும்பைத் தூளாக்கி, ஒவ்வொரு துகளையும் மற்றதிலிருந்து பிரித்து, மின்கடத்தாத ஒரு பசைக்குள் புதைக்கவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

இந்த எண்ணத்தை 1880களிலேயே சொன்னவர் ஒலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர். பல்கலைக்கழகப் படியேறாதவர், காது மந்தமானவர், இருபத்து நான்கு வயதில் தந்தித் தொழிலை விட்டு வீட்டிலிருந்தே மின்காந்தவியலைத் திருத்தி எழுதியவர். இரும்புத்தூளை மெழுகுக்குள் கலந்தால் காந்தத் தன்மையும் காப்புத் தன்மையும் ஒருங்கே கொண்ட பொருள் கிடைக்கும் என்று அவர் எழுதினார். காந்தத் துகளும் காந்தமற்ற பசையும் சேர்ந்த கூட்டுப்பொருள் என்ற கருத்தின் தொடக்கங்களில் ஒன்று அது.

அமெரிக்காவில் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் குரல் சிதைவதைத் தடுக்க, வழியெங்கும் காந்தச் சுருள்களைப் பொருத்தவேண்டிய தேவை எழுந்தபோது, அந்தக் கருத்து தொழிற்சாலைக்கு வந்தது. பக்னர் ஸ்பீட், குஸ்தாவ் எல்மன் ஆகிய இரு பொறியியலாளர்கள் அழுத்தி இறுக்கிய இரும்புத் தூளின் காந்த இயல்புகளை விவரித்து 1921இல் கட்டுரை வெளியிட்டனர். 1930களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் ஹான்ஸ் வோக்ட் என்பவர் காப்பிடப்பட்ட இரும்புத்தூளைக் கொண்டு வானொலிப் பெட்டிக்குரிய அகணிகளைத் தயாரித்தார்.

இவர்கள் அனைவரினதும் குறிக்கோள் ஒன்றே: இழப்பைக் குறைக்கவேண்டும். காந்தப் பொருளுக்குள் போன சக்தி வெப்பமாகி மறைவது ஒரு குறை. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டும். கதை பின்னர் இங்கேதான் திரும்புகிறது.

நாக உருக்காலையின் வேண்டாத பொருள்

1929இல் ரோக்கியோ தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராகச் சேர்ந்தார் தகேஷி தகேய். அங்கே பேராசிரியராக இருந்த யோகொரோ காட்டோ அவருக்கு ஓர் ஆய்வுப்பொருளைக் கொடுத்தார். அது காந்தத்தைப் பற்றியதன்று. நாக உலோகத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும்போது, தாதுவிலுள்ள இரும்போடு நாகம் சேர்ந்து, அமிலத்தில் இலகுவில் கரையாத ஓர் ஒட்சைட்டு உண்டாகிவிடும். அதற்குள் அகப்பட்ட நாகம் கிடைக்காமற் போய்விடும். உருக்காலைக்காரருக்கு அது சுத்த நட்டம். அந்த வேண்டாத பொருளின் பெயர்தான் பெரைற்று.

அதை ஆராயப்போன தகேய் அதன் காந்த இயல்பையும் அளந்து பார்த்தார். ஒருநாள் கோபாற்றுக் கலந்த பெரைற்றை அளந்துவிட்டு, கருவியின் மின்சாரத்தை நிறுத்த மறந்து வீடு சென்றார் என்றும், மறுநாள் வந்து பார்த்தபோது காந்தப்புலத்திலேயே குளிர்ந்த அந்த மாதிரி வலிய நிரந்தரக் காந்தமாகியிருந்தது என்றும் தொழினுட்ப வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்டுள்ளது. 1930ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அது. தொடர்ந்த ஆய்வில், நாகத்தைச் செம்பு போன்ற வேறு உலோகங்களோடு கலந்து செய்த பெரைற்றுகள் இலகுவில் காந்தமாகி இலகுவில் அதை இழப்பவை என்றும், உயர் மீடிறனில் அவற்றின் இழப்பு மிகக் குறைவு என்றும் கண்டனர்.

காரணம் எளியது. பெரைற்று உலோகம் அன்று, ஒருவகைத் துரு, மட்பாண்டம் போலச் சுட்டெடுக்கப்படுவது. அது மின்னோட்டத்தை எதிர்க்கும் திறன் இரும்பினுடையதைப் பார்க்கிலும் கோடி மடங்கு என்ற அளவில் பெரியது. மின்சாரமே ஓடாத இடத்தில் சுழி எப்படிச் சுழலும்? இரும்பைத் தூளாக்கிப் பெற முயன்றதை இந்தப் பொருள் தன் இயல்பிலேயே கொண்டிருந்தது.

நேர்மையாகச் சொல்வதாயின், ஜேர்மனியில் ஹில்பேர்ட் என்ற வேதியியலாளர் 1909 அளவிலேயே பெரைற்றுகளைச் செய்து, அவை சுருள்களுக்கு உதவும் என்று காப்புரிமையும் கோரியிருந்தார். ஆனால், அது பயன்பாட்டுக்கு வரவில்லை. பொருளைக் கண்டது ஒன்று, அதைப் பயனுக்குக் கொண்டுவந்தது மற்றொன்று.

பயனுக்குக் கொண்டுவந்தவர் கென்சோ சைட்டோ என்ற வணிகர். அங்கோரா முயல் வளர்ப்பில் ஈடுபட்டிருந்தவர். பிறநாட்டாரின் கண்டுபிடிப்புகளைப் பார்த்துச் செய்யும் தொழில்களே யப்பானில் மலிந்துள்ளன, சொந்தச் சிந்தனையில் பிறந்த கைத்தொழில் வேண்டும் என்பது காட்டோவின் கவலையாயிருந்தது. அந்தக் கவலை முயல் வணிகரையும் பற்றிக்கொண்டது. 1935 டிசம்பரில் சைட்டோ ஒரு கொம்பனியைத் தொடங்கினார். பிற்காலத்தில் எம் எல்லோரது வீட்டிலும் ஒலிப்பதிவு நாடாவாக வந்திருந்த அதே ரி.டி.கே. கொம்பனி. தலைமையாசிரியரின் குரலை நான் பதிந்ததும் அதன் நாடாவொன்றில்தான். அந்தக் கொம்பனியின் முதற் பொருள் நாடா அன்று, பெரைற்று என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. 1937இல் வானொலிக் கருவிகளுக்கான பெரைற்று அகணிகள் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கின.

ஆனால், உலகம் இதை அறிய நெடுங்காலம் சென்றது. போர் வந்தது. அறிவியல் ஏடுகளின் போக்குவரத்து அறுந்தது. அதே காலத்தில் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில், பிலிப்ஸ் கொம்பனியின் ஆய்வுகூடத்தில், ஸ்னூக் என்பவர் மங்கனீசு-நாகப் பெரைற்றுகளையும் நிக்கல்-நாகப் பெரைற்றுகளையும் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். ஜேர்மனியரின் ஆக்கிரமிப்புக்குள் இருந்த நகரம் அது. போர் முடிந்து 1947இல் அவருடைய நூல் வெளிவந்தபோது, பெரைற்று என்றாலே பிலிப்ஸ் என்று மேற்குலகம் எண்ணத் தலைப்பட்டது. சர்வதேச மின்பொறியியலாளர் அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ., காட்டோவும் தகேயும் செய்த பணியைத் தொழினுட்ப வரலாற்றின் மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது 2009ஆம் ஆண்டில்தான். காட்டோ 1967இலும் தகேய் 1992இலும் மறைந்துவிட்டிருந்தனர்.

ஸ்னூக் கண்ட எல்லை

ஸ்னூக்கின் பெயர் இன்றும் நிலைப்பதற்கு மற்றொரு காரணம் உண்டு. ஒரு காந்தப் பொருள் எவ்வளவு இலகுவில் காந்தமாகின்றதோ, அவ்வளவு விரைவில் அது உயர் மீடிறனில் களைத்துப்போகும் என்று அவர் 1948இல் நிறுவினார். காந்தமாகும் எளிமை பத்து மடங்கானால், பின்தொடரக்கூடிய மீடிறன் ஏறத்தாழப் பத்திலொன்றாகும். இரண்டையும் ஒருங்கே பெறமுடியாது. இதையே ஸ்னூக்கின் எல்லை என்கின்றனர். அதே 1948இல் பிரான்சின் லூயி நேல், பெரைற்றின் அணுக்கள் இரு அணிகளாக எதிரெதிர்த் திசை நோக்கி நிற்பதையும், அணிகள் சமமாக இல்லாததால் மிஞ்சும் வலுவே வெளியில் காந்தமாகத் தெரிவதையும் விளக்கினார். 1970இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

எல்லையை நெருங்கும்போது பொருளுக்குள் என்ன நிகழ்கிறது என்பது நமக்கு முக்கியம். மாறும் காந்தப்புலத்தை உள்ளிருக்கும் அணுக்காந்தங்கள் உடனுக்குடன் பின்தொடர்ந்தால் சக்தி வாங்கப்பட்டுத் திரும்பக் கொடுக்கப்படுகிறது. அவை பின்தங்கத் தொடங்கினால், வாங்கிய சக்தியின் ஒரு பகுதி திரும்பி வராது. உராய்வு போல வெப்பமாகிவிடும். குறிப்பிட்ட ஒரு மீடிறன் வரம்பில் இந்த இழப்பு உச்சத்தை அடையும். வானொலிச் சுருள் செய்பவருக்கு அந்த வரம்பு ஆகாத இடம். அதற்குள் கால்வைக்காமல் வடிவமைப்பதே அவருடைய திறமை.

எதிர்ப்புறமாக நினைத்தவர்கள்

இரைச்சலை அடக்க வேண்டியவருக்கோ அந்த ஆகாத இடமே வேண்டிய இடமாயிற்று. கம்பியில் ஓடும் பயனுள்ள மின்சாரம் தாழ்ந்த மீடிறனில் ஓடுகிறது. இரைச்சல் உயர்ந்த மீடிறனில் ஏறி வருகிறது. கம்பியைச் சுற்றி ஒரு பெரைற்று வளையத்தை மாட்டினால், தாழ்ந்தது தடையின்றிக் கடந்து செல்லும். உயர்ந்ததோ வளையத்தின் இழப்பு வரம்பில் அகப்பட்டு வெப்பமாகி மாளும். அந்த வெப்பம் கையால் தொட்டறிய முடியாத அளவு சிறியது. என் கணினிக் கம்பியின் தடிப்புக்குள் இருந்தது இந்த வளையமே. அரை நூற்றாண்டாகக் குறைக்கப் பாடுபட்ட ஒரு குறையை, வேண்டுமென்றே தேடிப் பயன்படுத்திய பொருள் அது.

இதற்கான தேவையை வளர்த்தது கணினி. எண்முறைச் சுற்றுகள் ஒவ்வொரு கணமும் திறந்து மூடும் கோடிக்கணக்கான ஆளிகள். ஒவ்வொரு திறப்பும் மூடலும் ஒரு சிறு பொறி. 1979இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு கணினிச் சாதனங்கள் வெளிவிடும் இரைச்சலுக்கு வரம்பு விதித்தது. ஐரோப்பாவில் 1989இல் இயற்றப்பட்ட மின்காந்த இசைவு பற்றிய பணிப்புரை 1996 ஜனவரி முதலாம் திகதி முழுமையாகக் கட்டாயமாயிற்று. வரம்பைத் தாண்டும் சாதனத்தை விற்க முடியாது. பல உற்பத்தியாளர்கள் கம்பிகளில் தடிப்புகளை மாட்டி அந்தச் சோதனையைக் கடந்தனர்.

ஆனால், வளையம் கம்பிக்கு உதவும். கம்பியே இல்லாத இடத்துக்கு உதவாது. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினி 4.77 மெகா ஹேர்ட்ஸில் ஓடியது. 2000ஆம் ஆண்டில் கணினிகள் 1000 மெகா ஹேர்ட்ஸை எட்டிவிட்டன. கைத்தொலைபேசியோ உள்ளங்கைக்குள் சுருங்கியது. அதற்குள் ஏரியலும், கணிக்கும் சில்லும், திரையும், ஒலிவாங்கியும் விரலிடைவெளி கூட இல்லாமல் நெருங்கிக் குடியிருந்தன. சில்லின் இரைச்சல் அதே தொலைபேசியின் காதையே செவிடாக்கியது.

உலோக மூடியால் மூடினாற் போதாதா என்று கேட்கலாம். புதிதாகக் கட்டிய வீட்டில், தளபாடம் எதுவும் வருமுன்னர், பேசினால் குரல் சுவருக்குச் சுவர் மோதி முழங்கும். கதவைச் சாத்தினால் முழக்கம் வெளியே குறையும், உள்ளே குறையாது. பாயும் தலையணையும் திரைச்சீலையும் வந்தபின் அதே அறை அமைதியாகிவிடும். உலோக மூடி வெறுஞ் சுவர் போன்றது. அலையைத் திருப்பி அடிக்கும், விழுங்காது. தொலைபேசிக்குள் ஒரு திரைச்சீலை தேவைப்பட்டது. பெரைற்றோ சுட்ட மட்பாண்டம். மெல்லிய தாளாக்கி மடிக்க முடியாது. அதற்கு மேலாக, ஸ்னூக்கின் எல்லை அதை வழிமறித்தது.

செண்டாய் நகரத்துத் தூள்

இங்கேதான் ஹெவிசைட்டின் பழைய கருத்து புதிய உருவில் திரும்பி வருகிறது. யப்பானின் வடகிழக்கிலுள்ள செண்டாய் நகரின் பல்கலைக்கழகத்தில் 1930களில் ஹக்காரு மசுமோட்டோ என்பவர், இரும்போடு ஏறத்தாழ 9.5 வீதம் சிலிக்கனும் 5.5 வீதம் அலுமினியமும் கலந்து ஓர் உலோகக் கலவையை உருவாக்கினார். மிகமிக இலகுவில் காந்தமாகும் கலவை. ஆனால், அதற்கு ஒரு பெருங்குறை: கண்ணாடி போல நொறுங்கும். தகடாக்க முடியாது, கம்பியாக இழுக்க முடியாது. நொறுங்குவதாயின் நொறுக்கியே பயன்படுத்துவோம் என்று அதைத் தூளாக்கி, அழுத்தி, சுருள்களின் அகணியாக்கினார்கள். செண்டாய் என்ற ஊர்ப் பெயரையும் தூளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து அதற்குச் செண்டஸ்ற் என்று பெயரிட்டார்கள். குறையைப் பெயரிலேயே சுமந்துநிற்கும் உலோகம் வேறொன்று இருக்குமோ தெரியவில்லை.

அறுபது ஆண்டுகளின் பின், 1990களில், அதே செண்டாயில் இயங்கிய தோக்கின் என்ற கொம்பனியின் ஆய்வாளர்கள் இந்தத் தூளை மறுபடியும் கையிலெடுத்தனர். துகள்களை மேலும் அரைத்துத் தட்டையாக்கினர். ஒவ்வொரு துகளும் ஒரு மைக்கிரோமீற்றர் அளவு தடிப்பும் பல பத்து மைக்கிரோமீற்றர் அகலமும் கொண்ட செதில். மீன் செதிலை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் செதில்களை இறப்பர் போன்ற நெகிழும் பொருளுக்குள் கலந்து, எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும்படி தாளாக வார்த்தனர். கத்தரிக்கோலால் வெட்டி, சில்லின் மேல் ஒட்டிவிடக்கூடிய தாள். 1999இல் அதன் இயல்புகளை விவரிக்கும் கட்டுரை அமெரிக்க இயற்பியல் ஏடொன்றில் வெளிவந்தது.

செதில் வடிவம் இரண்டு காரியங்களைச் செய்கிறது. முதலாவது, 1000 மெகா ஹேர்ட்ஸில் காந்தப்புலம் இவ்வகை உலோகத்துக்குள் சில மைக்கிரோமீற்றர் ஆழம் மட்டுமே நுழையும். செதில் அதைவிட மெல்லியதாதலால் அதன் முழு உடலும் வேலை செய்கிறது. இடையே இறப்பர் இருப்பதால் சுழியோட்டம் ஒரு செதிலிலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது. இரண்டாவது, தட்டையான துகளில் காந்தம் அதன் தளத்தை விட்டு எழும்ப விரும்பாது. ஸ்னூக் தன் எல்லையைக் கணித்தது அந்த வேற்றுமை இல்லாத பொருளுக்கு. ஆகையால் செதில் அந்த எல்லையைக் கடந்து நிற்க முடிகிறது. செண்டஸ்றின் காந்தச் செறிவு நிக்கல்-நாகப் பெரைற்றினுடையதைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்பதும் கைகொடுக்கிறது.

இவ்வகைத் தாள்களை அளவிடும் முறைகளுக்கு 2006இல் ஐ.ஈ.சி. 62333 என்ற சர்வதேசத் தரநியமம் வெளியிடப்பட்டது. அதன் தலைப்பிலேயே இரைச்சல் அடக்கும் தாள் என்ற பெயர் ஏறிவிட்டது. இன்று கைத்தொலைபேசிகளிலும், கமராக்களிலும், மடிக்கணினிகளிலும், வாகனங்களின் மின்னணுப் பெட்டிகளிலும் மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு என்ற அளவில் கரிய தாளாக இது ஒட்டப்பட்டிருக்கிறது. தொலைபேசியைத் தட்டிப் பணம் செலுத்துகிறோமே, அந்த வசதிக்கான ஏரியலுக்கும் பற்றரியின் உலோகத்துக்கும் இடையே இருப்பதும் இதன் உறவினர்தான். ஆனால், அங்கே வேலை வேறு. காந்தப்புலம் பற்றரியில் மோதி மாளாதபடி வழிகாட்டி அனுப்புவது. அங்கே இழப்பு மறுபடியும் குறையாகிவிடுகிறது. ஒரே பொருளின் ஒரே இயல்பு, இடம் மாறினால் குணமும் குறையும் இடம் மாறிக்கொள்கின்றன.

நிறைவாக

கரையாத நாக ஒட்சைட்டு உருக்காலைக்கு நட்டமாயிருந்தது. நொறுங்கும் உலோகம் பட்டறைக்கு உதவாததாயிருந்தது. காந்த இழப்பு வானொலிச் சுருளுக்கு நோயாயிருந்தது. இம்மூன்றையும் ஒதுக்கிவிடாமல், இதனால் எங்கேனும் பயனுண்டா என்று பார்த்த சிலரால் இவை உலகெங்கும் எல்லோர் கையிலும் தவழுகின்றன. அந்தச் சிலரில் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். எமது பல்கலைக்கழகங்களிலும் உதவாது என்று மூலையில் வைக்கப்பட்ட பெறுபேறுகள் இருக்கக்கூடும். நாக உருக்காலையின் கழிவை ஆராயச் சொன்ன காட்டோவைப் போன்ற பேராசிரியர்களும், காந்தத்தையும் அளந்து பார்க்கத் துணிந்த தகேய் போன்ற மாணாக்கர்களும் இருந்தால், அவற்றுள் எது எதற்கு உதவும் என்பதை யார் அறிவார்?

என் நாடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்தத் தாள் என் தொலைபேசிக்குள் இருந்திருந்தால் அந்தப் பேட்டி தப்பியிருக்குமா என்று மைத்துனரிடம் கேட்டேன். தப்பியிராது என்றார். தாள் அடக்குவது தேவையற்ற இரைச்சலை. தொலைபேசி அனுப்பிய அலையோ அதன் கடமை. அதை அடக்கினால் தொலைபேசியே வேலை செய்யாது. ஒலிப்பதிவுக் கருவியின் ஒலிவாங்கிக் கம்பியில் பெரைற்று மணியொன்று இருந்திருந்தால் ஓசை ஓரளவு குறைந்திருக்கும். ஆனால், எல்லாவற்றிலும் மலிவான மருந்து வேறு என்றார் அவர். “ஒரு மீற்றர் தள்ளி வைத்திருந்தாற் போதும், அத்தான்.”

நாடாவை இன்றும் வைத்திருக்கிறேன். மலாயாவை விட்டு அவர் ஏன் திரும்பினார் என்பதற்கு என் குறிப்பேட்டில் இருப்பது ‘அம்மா’ என்ற ஒரு சொல் மட்டுமே. மிகுதியை நாடா பார்த்துக்கொள்ளும் என்று பேனாவை நிறுத்தியிருக்கிறேன். அதன்பின் எந்தப் பேட்டிக்குச் சென்றாலும் கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டே உட்காருகிறேன். பேனாவையும் நிறுத்துவதில்லை.